மறுபடி சொல்

ஒருமுறைதான் ஒலிக்கும் என்று
முதலிலேயே சொல்லிவிடுகிறான் அந்த ஆள்.
நல்ல குரல். சளியில்லாத, அவசரமில்லாத,
எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதியில்
ஒருநாளும் நின்றிராத குரல்.

எனக்கு அது பழக்கமில்லை.
யார்டு கேட்டில் பதினோரு வருஷமாக
வாக்கிடாக்கியும் நானும்.
டி, ஆர், எல், யூ, ஃபோர், டபுள் செவன் என்று
கரகரப்புக்குள்ளிருந்து கன்னியப்பன் அண்ணன் சொல்ல
பெட்டி நம்பரை எழுதுவேன்.
ஃபைவா நைனா என்று சந்தேகம் வந்தால்
'மறுபடி சொல்லுண்ணா.'
திட்டிவிட்டுச் சொல்வார்.
மூன்று தரம் கேட்டால் மூன்று தரமும் திட்டுவார்,
மூன்று தரமும் சொல்வார்.

அதனால் முதல் பகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயர்கள்,
வாடகை சைக்கிள் கேட்கும் பெண்ணின் போன் நம்பர்.
பத்துக்குப் பத்து.
நாலாம் பகுதியில்தான் மூழ்குகிறேன்.
யாரோ ஒரு பேராசிரியர்
கடற்பாசியைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்.
கடலுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவளுக்கு
அவர் சொல்லும் கடல் எதுவென்றே தெரியவில்லை.
நான் முப்பத்திமூன்றாம் கேள்வியில் நிற்கும்போதே
அவர் நாற்பதை முடித்து
நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

காதுக்கு ஆறரை வேணும் என்றார் பெரம்பூர் ஏஜென்ட்.
அப்படியென்றால் நாற்பதில் இருபத்தாறாவது.
முந்தாநாள் இருபத்திநாலு.
நேற்று இருபத்திரண்டு.

காலடிப்பேட்டையில் சத்தமில்லாத நேரம்
காலை நாலரை என்று கண்டுபிடித்தேன்.
அதுவும் பொய்.
அடிபம்பில் பாக்கியம் தொங்கிக்கொண்டிருப்பாள்,
கறக், கறக்.
இயர்போனில் வலதுபக்கம் செத்துவிட்டதால்
இடது காது மட்டும் ஏதோ ஒரு நூலகத்தில்
உறுப்பினர் அட்டை வாங்க வரிசையில் நிற்கும்.
வலது காது வீட்டிலேயே இருக்கும்:
எபினேசரின் குறட்டை,
ஜெமிமா தூக்கத்தில் பல்லைக் கடிப்பது.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, கவனித்தேன்.
வியாழக்கிழமை வருகிறேன் என்பார்கள்.
நாம் வியாழன் என்று எழுதிய பிறகு,
ஓ, மன்னிக்கணும், அன்று பல் டாக்டர்,
வெள்ளி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.
முதலில் வருவது தூண்டில்.
பின்னால் வருவதுதான் பதில்.
பென்சிலை உடனே இறக்காதே,
ஒரு மூச்சு பொறு என்று
நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி சென்னாக்குன்னி வறுத்துக்கொண்டிருந்தேன்.
ஜெமிமா கணக்கு நோட்டில்
ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டபடி,
தலை நிமிராமல்,
பென்சில் சீவித் தரச் சொல்வதுபோலச் சொன்னாள்:
'நீ போம்மா. அப்பாவ நா பாத்துக்கறேன்.'
ஒன்பது வயது.

கரண்டியை இறக்கவில்லை.
ஒரு மூச்சு பொறுத்தேன்.
இல்ல, சாரிம்மா, என்று வரும்.
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று வரும்.
எதுவோ வரும்.
ஸ்கேல் நகர்ந்தது. கோடு விழுந்தது.
அடுத்த பக்கம் புரண்டது.
நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர்
பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டே இருந்தது.
சட்டியில் கருகல் வாசம்.

மறுபடி சொல் என்று கேட்டிருக்கலாம்.
இது பரீட்சை இல்லையே, கேட்கலாம்.
திட்டிவிட்டாவது சொல்லியிருப்பாள்.
கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேன்.
கருகினதை ஓரமாக ஒதுக்கி
மிச்சத்தை மூன்று தட்டில் போட்டேன்.

இன்று நாலரைக்கு
இருபத்தேழு வந்தது.
பேராசிரியரிடமே ஐந்து.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
பாக்கியத்துக்கு இன்னும் ஒரு குடம் பாக்கி.
நான் யாரையும் எழுப்பவில்லை.